தோட்டத்து மந்தையும் தமிழ்ச் சொல்லும்

கோலசிலாங்கூர் மாவட்டத்தில் தென்னமரம் என்றொரு தோட்டம் உண்டு. பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபோக்கோனியே 1917ஆம் ஆண்டு மலாயாவின் முதல் வணிகச் செம்பனைப் பயிரீட்டை அங்கேதான் தொடங்கினார். தமிழ்ப் பெயர் தாங்கிய அத்தோட்டத்தைச் செம்பனை வரலாறு மறப்பதில்லை. ஆயின், அவ்வட்டாரத் தோட்டங்களில் ஆடும் மாடும் மேய்த்த நம் மக்களின் அறிவைப் பேசுவார் அரியர்.

அவ்வறிவு தொன்மையானது. பசு மேய்ப்போரைக் கோவினத்தாயர் என்றும், எருமை மேய்ப்போரைக் கோட்டினத்தாயர் என்றும், ஆடு மேய்ப்போரைப் புல்லினத்தாயர் என்றும் பிரித்துக் காட்டுகிறது முல்லைக்கலி. விலங்கைப் பிரித்தறிந்தோர் அதன் தீனியையும் பிரித்தறிந்தனர். ஆடுதின்னாப்பாளை என்னும் செடிப் பெயரே அதற்குச் சான்று. ஆட்டின் வாயை நாள்தோறும் கவனித்தவர் அன்றி வேறெவர் அப்பெயரை இட்டிருக்க முடியும்?

ரப்பர்த் தோட்டத்தில் இவ்வினங்கள் ஒரே நிழலில் ஒன்றாயின. பசு நாவால் புல்லை வளைத்துப் பறித்து மேயும். வெள்ளாடு தழையையும் கொழுந்தையும் தேர்ந்து கறிக்கும். செம்மறி தரையொட்டிய குறும்புல்லை நாடும். ஒன்று விட்டதை மற்றொன்று உண்பதால், அளவோடு மேய்க்கும்வரை தீனி வீணாவதில்லை, களையும் மட்டுப்படும். மாட்டின் குடற்புழுக்கள் பெரும்பாலும் ஆட்டினுடையவற்றினின்று வேறானவை. ஆதலின் கலந்து மேய்ப்பது நோயையும் ஓரளவு குறைக்கும். மந்தை அளவு மீறினாலோ மண் வெறுமையாகிவிடும். ரப்பர் மரங்களுக்கிடையே செம்மறி வளர்ப்பதை மலேசிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1980களில் ஆராய்ந்ததை இங்கு நினைவுகூரலாம்.

1960களிலிருந்து ரப்பர் நிலங்கள் பல செம்பனைக்கு மாறின. வளர்ந்த ரப்பர் மரத்தின் இலை மாட்டுக்கு எட்டாது. இளஞ்செம்பனையின் மட்டையோ அதன் வாய்மட்டத்திலேயே நிற்கும். மரம் வளர்ந்து மட்டைகள் ஒன்றோடொன்று கூடினால் ஒளி குறைந்து புல்லும் அருகும். எனவே மேய்ச்சலைத் தடுத்தோரிடமும் காரணம் இருந்தது. ஆனால் இழப்பு தொழிலாளியினுடையது. மாடு என்னும் சொல்லுக்குச் செல்வம் என்ற பொருளும் உண்டு. நாட்கூலியில் வாழ்ந்தவருக்கு அப்பொருள் உவமையன்று. கன்று விற்ற பணமே பள்ளிச் செலவும் திருமணச் செலவும் ஆயிற்று.

மந்தை கலைந்தால் அதனோடு வாழ்ந்த சொல்லும் கலையும். தொழுவம், பட்டி, மறி, சினை, ஈற்று, சீம்பால் என்பவற்றை அகராதி காத்து வைத்திருக்கிறது. ஆனால் எந்தத் தழையை ஆடு ஒதுக்கும், எந்தப் புல் பாலைக் கூட்டும், மழை நாளில் மந்தையை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பன இன்றும் முதியோர் நாவில் மட்டுமே உள்ளன. ஆசிரியர்கள் மாணவரை அவர்களிடம் அனுப்ப வேண்டும். கேட்ட சொல்லை, கேட்ட ஒலிப்பிலேயே, தோட்டத்தின் பெயரோடு எழுதிக்கொள்ளட்டும். செம்பனையின் வரலாற்றுக்கு ஆவணங்கள் உள்ளன. மந்தையின் வரலாற்றுக்கு அந்த ஏடுகளையே நாம் ஆவணமாக்க வேண்டும்.