மன்னார் நிலத்தில் தேவ அழைத்தல்: முருங்கனை முன்னிட்டு ஒரு நோக்கு

மாந்தைத் துறைக்கும் மடுக் காட்டுக்கும் இடையே, கட்டுக்கரைக் குளத்து நீர் பாயும் வயல்நிலத்தில் அமைந்த ஊர் முருங்கன். இப்பகுதியின் கிறித்தவ வரலாற்றை ஆராய்வோர் திருமுழுக்குப் பெற்றோர் தொகையையும் கோயில்கள் எழுந்த காலத்தையும் கணக்கிடுவர். தேவ அழைத்தல் என்னும் அகநிகழ்ச்சி ஏடுகளில் பதிவதில்லை. மெய்யான அழைத்தலை வரலாற்றில் எதனால் அறிவது என்பதே நாம் ஈண்டு எழுப்பும் வினா.

கரையோர மக்கள் போர்த்துக்கேயரின் பாதுகாப்பை நாடியே மதம் மாறினர் என்பது ஆய்வாளர் சிலர் துணிபு. அதனை முற்றாக மறுத்தற்கில்லை. ஆயினும், சவேரியார் அனுப்பிய குருவிடம் மன்னாரில் திருமுழுக்குப் பெற்றோருள் ஏறத்தாழ 600 பேரை 1544இல் யாழ்ப்பாண மன்னன் சங்கிலி கொல்வித்தபோது அப்பாதுகாப்பு வந்திலது. பின்னர்த் திட்டமிட்ட படையெடுப்பும், பெகுவிலிருந்து வந்த போர்த்துக்கேயக் கப்பலொன்று யாழ்ப்பாணக் கரையில் தட்டி நிற்க, அதன் சரக்கை மீட்கும் பொருட்டுக் கைவிடப்பட்டது. சரக்கின் மதிப்பு உயிர்களின் மதிப்பை விஞ்சிற்றுப் போலும்! மாண்டோர் நம்பிக்கையை விடாது மாண்டனர் என்பது மன்னார் மரபு. பயன் கருதி வந்தோர்க்கு இது பொருந்துமாறில்லை.

1658இல் ஒல்லாந்தர் வந்தபின் நிலைமை தலைகீழாயிற்று. கத்தோலிக்கம் தடைசெய்யப்பட்டது, அரசாங்க உத்தியோகம் சீர்திருத்தச் சபையில் சேர்ந்தோர்க்கே உரியதாயிற்று. பெயரளவில் சேர்ந்தோர் பலர். ஒல்லாந்தர் ஆட்சி நீங்கியதும் அக்கூட்டம் விரைவிற் கரைந்தது. மாறாக, மாந்தைக் கத்தோலிக்கர் 1670ஆம் ஆண்டளவில் மாதா திருவுருவத்துடன் மடுக் காட்டுக்கு ஒதுங்கினர் என்பர்.

குருவின்றி வாடிய இம்மக்களை நாடிக் கோவையைச் சேர்ந்த யோசேவாஸ் அடிகள் 1687இல் கூலியாள் வேடத்தில் இலங்கை வந்தார். கோவை என்பது ஈண்டுக் கோவாவே. அவரை எந்த அரசும் அனுப்பவில்லை. கண்டியில் ஒற்றர் என்ற ஐயத்தின் பேரிற் சிறையிடப்பட்டார். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியபோது, பிறர் கைவிட்டோடிய நோயாளரைத் தாமே பேணினார். பிற்காலத்தில் உயர்பதவி தேடி வந்தபோது அதனை ஏலாது, 1711இல் கண்டியிலேயே மறைந்தார். உத்தியோகத்துக்காகச் சமயம் ஏற்போர் மலிந்த காலத்தில் சமயத்துக்காகப் பதவி துறந்தார் ஒருவர். 2015இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

இவ்வினா பழங்காலத்துக்கு மட்டும் உரியதன்று. முருங்கனிற் பணியாற்றிய மெதடிஸ்த குரு ஜோர்ஜ் ஜெயராஜசிங்கம் 1984 டிசம்பர் 13இல் கொல்லப்பட்டார். மூன்று வாரங்களின் பின், 1985 சனவரி 6இல், அண்மையிலுள்ள வங்காலையின் கத்தோலிக்கப் பங்குக் குரு மரிய பஸ்தியான் கொல்லப்பட்டார். சபையால் வேறுபட்ட இருவரும் போர் சூழ்ந்த அந்நாட்களில் தத்தம் மக்களிடையே தங்கியிருந்தவர்கள்.