பரிசு டம்ளர் பிறந்த கதை

தூத்துக்குடி மாவட்டக் கடற்கரை ஊரான காயல்பட்டினத்தில் ஒரு தொடக்கப் பள்ளி ஆண்டு விழா என்றால் மேடைக்குப் பக்கவாட்டில் ஒரு மேசை போட்டிருப்பார்கள். பிள்ளைகளின் கண் முழுக்க அதன்மேல்தான் இருக்கும். எவர்சில்வர் டம்ளர், மூடி போட்ட டிபன் பாக்ஸ், பென்சில் டப்பா, பிளாஸ்டிக் வாளிகூட இருக்கும். வரவேற்புரை, ஆண்டறிக்கை, சிறப்பு விருந்தினர் பேச்சு எல்லாம் அந்த மேசைக்குப் போகும் வழியில் நிற்கும் சுங்கச்சாவடிகள். கடைசியில் பெயர் வாசிப்பார்கள். வாசிக்கிற ஆசிரியைக்குத் தொண்டை கட்டியிருக்கும், மைக் கீச்சிடும். பின்வரிசையில் ஒரு உம்மா பக்கத்தில் இருப்பவளிடம் "எம் புள்ள பேரு வந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள்.

இந்த ஊரில் பரிசுக்குப் பணம் தேடுவது பெரிய கஷ்டமில்லை. ஜித்தா, ரியாத், துபாய், சிங்கப்பூர், ஹாங்காங் என்று காயலர்கள் பிழைக்கப் போன இடங்களில் எல்லாம் நல மன்றம் வைத்திருக்கிறார்கள். படிப்புக்கு என்று கேட்டால் கை நீட்டாத மன்றம் குறைவு. ஆனால் நன்றாகப் படித்த பிள்ளையை எல்லார் முன்னாலும் நிறுத்தி, கையில் ஒரு பொருளைக் கொடுத்து, கைதட்ட வைக்கும் இந்தச் சடங்கு நமக்கு எப்படி வந்தது என்று தேடிப் போனால், கதை நம் திண்ணையில் தொடங்கி, லண்டன் போய், உருமாறித் திரும்பி வந்திருப்பது தெரிகிறது. திரும்பி வரும் வழியில் ஒரு சாமான் தொலைந்தும் போயிருக்கிறது.

1822-ல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ, நாட்டில் எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை பிள்ளைகள், என்ன படிக்கிறார்கள் என்று கணக்கெடுக்கச் சொல்லி எல்லாக் கலெக்டர்களுக்கும் உத்தரவு போட்டார். வந்து சேர்ந்த கணக்கைக் கூட்டிப் பார்த்தபோது 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். பெரும்பாலான கலெக்டர்கள் கட்டம் போட்டு எண்ணை நிரப்பி அனுப்பிவிட்டு வேறு வேலை பார்க்கப் போனார்கள். பல்லாரி கலெக்டர் ஏ.டி. கேம்ப்பெல் மட்டும் 1823-ல் எழுதிய அறிக்கையில் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிட்டார். அவர் பார்த்தது தெலுங்கு, கன்னடப் பள்ளிகள். ஆனால் படிக்கிற எவருக்கும் நம் திண்ணைப் பள்ளியே கண்முன் வரும்.

அவர் எழுதியவற்றில் ஒரு காட்சி இது. காலையில் முதலாவதாக வந்து சேரும் பையனின் உள்ளங்கையில் மரியாதையின் அடையாளமாக சரஸ்வதி என்று எழுதுவார்கள். இரண்டாவதாக வருபவனுக்கு ஒரு சுழியம்: புகழும் இல்லை, திட்டும் இல்லை. மூன்றாவது வருபவனுக்கு இலேசாக ஒரு அடி. நான்காமவனுக்கு இரண்டு. அடுத்து வருகிற ஒவ்வொருவனுக்கும் ஒன்று கூடிக்கொண்டே போகும். முப்பதாவதாக வருகிற பையனின் வீடு எங்கே இருந்ததோ, பாவம்.

நான் அறிந்தவரை நம் பக்கத்துப் பள்ளிக்கூடப் பரிசுக்கு இதைவிடப் பழைய எழுத்துச் சான்று இல்லை. அது அறிவுக்குக் கொடுத்த பரிசில்லை, சீக்கிரம் எழுந்ததற்குக் கொடுத்தது. மதியம் கை கழுவினால் போய்விடும். மறுநாள் மறுபடி ஓடி வந்து சம்பாதிக்க வேண்டும்.

தண்டனையையும் கேம்ப்பெல் விடவில்லை. சோம்பேறிப் பையனின் இரண்டு கையையும் கட்டி உத்தரத்தில் கப்பி மாட்டித் தூக்குவார்கள். உட்கார்ந்து உட்கார்ந்து எழச் சொல்வார்கள். முதலாவது கோதண்டம், இரண்டாவது தோப்புக்கரணம். நம் தாத்தாக்கள் தலைமுறைக்கு இரண்டுக்கும் விளக்கம் தேவைப்படாது.

இதே அறிக்கையில் இன்னொன்றும் உண்டு. முன்னேறிய பையன்கள் பின்தங்கியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையை கேம்ப்பெல் மனந்திறந்து பாராட்டுகிறார். இங்கிலாந்து இதைப் பார்த்துப் பின்பற்றியது நியாயமே என்கிறார். நம் சட்டாம்பிள்ளையைத்தான் சொல்கிறார். வாத்தியார் ஊஞ்சலில் கண்ணயரும் நேரத்தில் வகுப்பை நடத்தும் அந்தப் பெரிய பையன் எப்படிக் கப்பலேறினான்?

அதற்குக் காரணம் ஆண்ட்ரூ பெல் என்கிற ஸ்காட்லாந்துப் பாதிரியார். 1787-ல் சென்னை வந்தார். 1789-ல் எழும்பூரில் இருந்த ராணுவ ஆண் அநாதைப் பள்ளியின் மேற்பார்வைக்கு வந்தார். ஆங்கிலச் சிப்பாய்களின் பிள்ளைகள் படித்த இடம். ஆசிரியர்கள் போதவில்லை, இருந்தவர்கள் சொன்னதைக் கேட்கவில்லை. ஒரு நாள் குதிரைமேல் போகும்போது ஒரு நாட்டுப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். காகிதம் வேண்டாம், மை வேண்டாம். தப்பாக எழுதினால் கையால் தடவிவிட்டால் போதும். திரும்பி வந்து தன் பள்ளியில் மணல் பரப்பச் சொன்னார். ஆசிரியர்கள் இதெல்லாம் நடக்காது என்றார்கள். பெல் பிடிவாதக்காரர். ஜான் ஃப்ரிஸ்கின் என்கிற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டு, அரிச்சுவடி வகுப்பை நீ நடத்து என்றார். பையன் நடத்திக் காட்டினான்.

அதன்பிறகு பள்ளி முழுக்கப் பையன்களே பையன்களுக்கு வாத்தியார்கள். ஊர் திரும்பிய பெல், 1797-ல் லண்டனில் இதைப் பற்றிப் புத்தகம் போட்டார். இங்கிலாந்தில் இதற்கு வழங்கிய பெயரே 'மெட்ராஸ் முறை'.

மறு ஆண்டே, 1798-ல், லண்டன் சவுத்வார்க் பகுதியில் ஜோசப் லங்காஸ்டர் என்கிற, வன்முறையை ஏற்காத குவேக்கர் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த இளைஞர் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். வயது இருபதுதான். பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் வந்து குவிந்தார்கள். வாத்தியார் ஒருவரே. சட்டாம்பிள்ளைகளை வைத்துத்தான் சமாளிக்க முடியும். ஆனால் சம்பளம் இல்லாத சட்டாம்பிள்ளை எத்தனை நாள் உழைப்பான்? குவேக்கர் ஆனதால் பிரம்பை எடுக்க லங்காஸ்டருக்கு மனம் இடம் கொடுக்கவில்லை. அடிக்காமல் ஆயிரம் பையன்களை வேலை வாங்க வேண்டும். இந்த நெருக்கடியில்தான் அவருடைய பரிசு முறை பிறந்தது.

வகுப்பில் முதலாவதாக நிற்பவன் கழுத்தில் பொன்னெழுத்துப் போட்ட தோல் சீட்டு தொங்கும். வாசிப்பில் தகுதி, எழுத்தில் தகுதி என்று அதில் எழுதியிருக்கும். பக்கத்துப் பையன் முந்திவிட்டால் சீட்டைக் கழற்றி அவனிடம் கொடுத்துவிட வேண்டும். இன்னும் மேலே போனால் வெள்ளிப் பதக்கம், சங்கிலியோடு. பந்து, மட்டை, காற்றாடி எல்லாம் பரிசுக்கென்று பள்ளியின் உத்தரத்திலிருந்து தொங்கும். பிள்ளைகள் கணக்குப் போட்டுக்கொண்டே அண்ணாந்து பார்க்கலாம். ஒரே நாளில் நூறு, இருநூறு பரிசு கொடுப்பது தனக்குச் சாதாரணம் என்று அவரே எழுதியிருக்கிறார். பரிசு வாங்கிய பையன்கள் அதைக் கையில் பிடித்தபடி பள்ளியைச் சுற்றி ஊர்வலம் வருவார்கள். முன்னால் ஒரு பையன், இந்த நல்ல பிள்ளைகள் அடுத்த வகுப்புக்குப் போவதற்காகப் பரிசு பெற்றார்கள் என்று கூவிக்கொண்டே போவான். நம் ஆண்டு விழாவில் மைக் பிடிக்கிற ஆசிரியைக்கு அந்தக் கூவல்காரப் பையன்தான் முன்னோடி.

அதே உத்தரத்தில் ஒரு கூடையும் உண்டு. தப்புச் செய்தவனை அதில் உட்கார வைத்து மேலே இழுத்துவிடுவார்கள். கூண்டுக் கிளி என்று கீழே இருப்பவர்கள் சிரிப்பார்கள். அடிக்க மாட்டேன் என்ற மனிதர், மானத்தில் அடித்தார். எழும்பூரிலிருந்து எது போகாவிட்டாலும் கோதண்டம் எப்படியோ போய்ச் சேர்ந்துவிட்டது என்று தோன்றும்.

ஆனால் லங்காஸ்டரின் விதிகளில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு பையன் தன் வகுப்புப் பாடத்தை முடித்து அடுத்த வகுப்புக்கு ஏறும்போது அவனுக்கு ஒரு பரிசு. அவனுக்குச் சொல்லிக்கொடுத்த சட்டாம்பிள்ளைக்கும் அதே மதிப்பில் ஒரு பரிசு. பத்து வயதுப் பையனுக்கு, நீ கற்பித்தாய் என்பதற்காக மரியாதை.

பரிசுக்குச் செலவழித்தே அவர் கடனாளியானார் என்று சொன்னால் மிகை. ஆனால் கடனாளியானது உண்மை. 1807-ல் கடனுக்காகச் சிறைக்கும் போனார். மன்னர் மூன்றாம் ஜார்ஜ் ஆதரவு கொடுத்தும் மனிதருக்குக் கணக்கு வழக்கு மட்டும் வரவேயில்லை. கடைசியில் 1838-ல் நியூயார்க் தெருவில் குதிரை வண்டியில் அடிபட்டு இறந்தார். பெல்லோ 1832-ல் இறந்து வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கமானார்.

ஆங்கிலக் கல்வி இங்கே பரவியபோது பரிசும் சேர்ந்து வந்தது. அரசு மானியமும் இன்ஸ்பெக்டரும் வந்தார்கள். ஆண்டுக்கு ஒருமுறை பரீட்சை, அதன்பின் பரிசளிப்பு, தலைமை தாங்க ஒரு பெரிய மனிதர். பரிசின் பொருள் மாறியது. லங்காஸ்டரிடம் பாடத்தை முடித்து ஏறியவனுக்கெல்லாம் பரிசு. அதனால்தான் ஒரே நாளில் இருநூறு. நம்மிடம் வந்து இறங்கும்போது அது முதல் மூன்று பேருக்கு என்று சுருங்கிவிட்டது. எங்கள் கடற்கரைக்காரர்களுக்கு இப்படிச் சலித்துத் தரம் பிரிப்பது புதிதில்லை. முத்துக் குளித்த காலத்தில் எடுத்த முத்தைப் பத்துப் பித்தளைச் சல்லடைகளில் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுச் சலிப்பார்கள். பெரிய கண் சல்லடையில் நின்றது ஒரு ரகம், விழுந்தது அடுத்த சல்லடைக்கு. பிறகு உருண்டையும் ஒளியும் பார்த்து ஆணி முதல் தூள் வரை பெயர் சொல்வார்கள். தூத்துக்குடிக் கடலில் 1961-ல் நடந்த முத்துக்குளிப்பே கடைசி. சல்லடைகள் போய் ரேங்க் கார்டு வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம், முத்து வளராது.

காயலில் இன்னொரு பள்ளிக்கூடம் எப்போதும் இருந்திருக்கிறது. பகல் பள்ளிக்குப் போவதற்கு முன்னாலோ, மாலையிலோ பிள்ளைகள் குர்ஆனை வைக்கும் ரைஹால் பலகையைத் தூக்கிக்கொண்டு ஓதப் போவார்கள். மார்க்க அறிஞர்களான சதக்கத்துல்லாஹ் அப்பாவும், பின்னாளில் கீழக்கரையில் பேர் பெற்ற மாப்பிள்ளை லெப்பை ஆலிமும் பிறந்த ஊர் இது. பெண்கள் தொழவும் ஓதவும் தனித் தைக்காக்கள் இருக்கிற ஊர். இங்கே குர்ஆனை முடிப்பதுதான் கொண்டாட்டம். அலிஃபில் தொடங்கிய பிள்ளை கடைசி அத்தியாயம் வரை ஓதி முடிக்கிற நாளில் வீட்டில் துஆ, இனிப்பு, ஓதிக்கொடுத்த உஸ்தாதுக்கு அன்பளிப்பு. முழுவதையும் மனனம் செய்து ஹாஃபிழ் ஆனால் மதரஸாவில் பட்டமளிப்பு விழா, சனது என்கிற சான்றிதழ். ஒருவன் இரண்டு வருடத்தில் முடிப்பான், ஒருத்திக்கு நான்கு வருடம் ஆகும். முடித்த அன்று எத்தனையாவதாக முடித்தாய் என்று யாரும் கேட்பதில்லை. பகலில் ரேங்க் வாங்குகிற அதே பிள்ளைதான் மாலையில் ரேங்க் இல்லாமல் ஓதுகிறது.

ரேங்கின் மோகம் ஊரைப் பிடிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ப்ளஸ் டூவில் மாநிலத்தில் முதலிடம் பெற்ற மாணவரைக் காயலுக்கே வரவழைத்து ஊர்ப் பிள்ளைகளைச் சந்திக்க வைக்கும் நிகழ்ச்சியை இக்ரா கல்விச் சங்கம் நடத்தியிருக்கிறது. நல்ல எண்ணம்தான். முதல் மாணவரும் நம்மைப் போலத் தலைசீவி சட்டை போட்ட பிள்ளைதான் என்று பார்க்கிற வாய்ப்பு சின்ன ஊருக்குக் கிடைப்பதில்லை. 2017-ல் தமிழக அரசு பொதுத் தேர்வு முடிவுகளில் ரேங்க் அறிவிப்பதையே நிறுத்திவிட்டது. முதல் மாணவர் யார் என்பதே தெரியாமல் போனது. அதற்கு முன்பே, 2012-13-ல் முப்பருவ முறை வந்தபோது, கீழ் வகுப்புகளில் மதிப்பெண் போய் தரம் வந்திருந்தது. ஆனாலும் மேடையில் முதல் மூன்று இடம் போகவில்லை. பழக்கத்தை அரசாணை தொடாது.

கொரோனாக் காலத்துக்குப் பின் பள்ளி திறந்தபோது மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுத்துக் கூட்டத் தெரியவில்லை. அதற்காக 2022 ஜூனில் திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்கினார்கள். ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, அவரவர் நிலைக்கு ஏற்பப் பாடம். அரும்பிலிருந்து மொட்டுக்கு ஏறுவதுதான் கணக்கு. பக்கத்துப் பிள்ளை எங்கே இருக்கிறாள் என்பது கணக்கில்லை. தெரிந்தோ தெரியாமலோ இது லங்காஸ்டரின் வகுப்பேற்றத்துக்கும் எங்கள் ஊர் ஓதலுக்கும் பக்கத்தில் வந்துவிட்டது.

இந்த வகுப்புகளில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தால் இன்னொன்றும் கண்ணில் படும். ஒரு டீச்சர், மூன்று நிலை, தரையில் வட்டவட்டமாகப் பிள்ளைகள். டீச்சர் மொட்டுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்போது மலரில் இருக்கும் ஒரு பெண் நகர்ந்து வந்து அரும்பில் இருக்கிற பையனின் விரலைப் பிடித்து 'ழ' எழுதிக் காட்டுகிறாள். யாரும் சொல்லவில்லை. வீட்டில் தம்பிக்கு லாத்தாவாக, அதாவது அக்காவாக, இருந்து வந்த பழக்கம். ஃப்ரிஸ்கின் எழும்பூரில் செய்ததும் இதைத்தான். அந்தப் பையன் மொட்டுக்கு ஏறினால் ஆண்டு விழாவில் அவன் பெயரை வாசிக்கலாம். சில பள்ளிகளில் வாசிக்கவும் தொடங்கியிருக்கலாம். அவளுக்கு அதே மதிப்பில் ஒரு பரிசு என்ற லங்காஸ்டர் விதிதான் கப்பலில் திரும்பி வராத சாமான். அவள் பெயரைப் பட்டியலில் சேர்க்க அரசாணை எதுவும் தேவையில்லை. தலைமையாசிரியர் பேனாவை எடுத்தால் போதும்.