கம்பி வடத்தின் கதை

தேர்த் திருவிழாவில் வடம் பிடித்தவர்கள் ஓர் உண்மையை அறிவார்கள். கயிற்றால் இழுக்கலாம், தள்ள இயலாது. அமுக்கினால் அது துவண்டுவிடும். இழுத்தால் மட்டுமே தன் பலத்தைக் காட்டும். இந்த ஒரு குணத்தை நம்பித்தான் மனிதன் ஆழ்ந்த சுரங்கங்களிலிருந்து தாதுப் பொருளை மேலே கொணர்ந்தான். அகன்ற ஆறுகளுக்குக் குறுக்கே பாலங்களைத் தொங்கவிட்டான். சணற் கயிற்றிலிருந்து சங்கிலிக்கும், சங்கிலியிலிருந்து கம்பி வடத்துக்கும் அவன் வந்து சேர்ந்த வரலாற்றையே இன்று சொல்ல விரும்புகிறேன்.

ஜெர்மனி நாட்டில் ஹார்ட்ஸ் என்னும் மலைப் பகுதி உண்டு. வெள்ளி, ஈயம் முதலிய உலோகங்களுக்காக அங்கே பல நூற்றாண்டுகளாகச் சுரங்கம் வெட்டி வந்தார்கள். வெட்ட வெட்டச் சுரங்கம் ஆழமாயிற்று. தாதுவை ஏற்றும் கயிறும் நீண்டுகொண்டே போயிற்று. சணற் கயிறு ஈரத்தில் நைந்து அழுகியது. அதற்கு மாற்றாக வந்த இரும்புச் சங்கிலியோ, நேற்றுவரை உறுதியாக இருந்து இன்று ஒரு நொடியில் அறுந்து விழுந்தது. அறுவதற்குமுன் அது எந்த அறிகுறியையும் காட்டுவதில்லை. கீழே நிற்பவனுடைய உயிர், நூற்றுக்கணக்கான வளையங்களில் எது குறையுள்ளதோ அந்த ஒன்றைப் பொறுத்திருந்தது.

கிளவுஸ்தால் நகரில் சுரங்க அதிகாரியாக இருந்தவர் வில்ஹெல்ம் ஆல்பர்ட். இவர் சட்டம் பயின்றவர். பொறியியல் பயின்றவர் அல்லர். ஆயினும், சங்கிலி ஏன் அறுகிறது என்ற கேள்வி இவரை விடவில்லை. சங்கிலிகளில் பளுவை மீண்டும் மீண்டும் ஏற்றி இறக்கிச் சோதித்துப் பார்த்தார். ஒரு முறை தாங்கிய பளுவையே பன்முறை ஏற்றி இறக்கினால் இரும்பு களைத்து முறியும் என்பதை உலகுக்கு முதலில் காட்டியவர்களுள் இவர் ஒருவர். 1834ஆம் ஆண்டில், மூன்றரை மில்லிமீட்டர் தடிப்புள்ள இரும்புக் கம்பிகள் நான்கைச் சேர்த்து ஒரு புரியாகவும், அத்தகைய புரிகள் மூன்றைச் சேர்த்து ஒரு வடமாகவும் கையால் முறுக்கச் செய்தார். பன்னிரண்டே கம்பிகள் கொண்ட அந்த வடம் அவ்வாண்டிலேயே கரோலினா என்னும் சுரங்கத்தில் வேலைக்கு வந்தது.

சங்கிலிக்கும் வடத்துக்கும் உள்ள வேறுபாட்டை நன்கு மனத்தில் கொள்ள வேண்டும். "அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு" என்பது நம் பழமொழி. ஆனால், திரள்வதிலும் இரு வகை உண்டு. சங்கிலியின் வளையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. ஒன்று அறுந்தால் எல்லாம் அறுந்தன. வடத்தின் கம்பிகளோ தோளோடு தோள் சேர்ந்து நிற்கின்றன. ஒரு கம்பி அறுந்தால் அதன் பங்கை மற்றவை ஏற்கின்றன. அதுமட்டுமன்று, அறுந்த கம்பியின் முனை வெளியே துருத்திக்கொண்டு, "என்னைக் கவனி" என்று எச்சரிக்கவும் செய்கிறது. வடம் மிகுந்த பலமுடையது என்பது ஒரு சிறப்பு. முன்கூட்டியே சொல்லிவிட்டுச் சாகிறது என்பது அதைவிடப் பெரிய சிறப்பு.

முறுக்கு எதற்கு என்று மாணவர்கள் கேட்கலாம். பளு தூக்கும் வடம் கப்பியின்மீது ஏறி வளைய வேண்டும். வளையும்போது வெளிப்புறக் கம்பி நீளும். உட்புறக் கம்பி அமுங்கும். முறுக்கிய வடத்தில் ஒவ்வொரு கம்பியும் ஓரிடத்தில் வெளிப்புறமும் அடுத்த இடத்தில் உட்புறமுமாகச் சுற்றி வருவதால், கூடுதலும் குறைவும் ஒன்றையொன்று ஈடு செய்கின்றன. கம்பிகள் ஒன்றன்மேல் ஒன்று சற்றே வழுக்கி இடம் கொடுக்கின்றன. அதற்காகவே எண்ணெய் ஊட்டுகிறார்கள். கப்பி சிறிதானால் வளைவு கூடும். வடத்தின் ஆயுள் குறையும். சுரங்க வாயிலில் அவ்வளவு பெரிய சக்கரங்கள் சுழல்வதன் காரணம் இதுவே. கோலார் தங்கவயலில் 3,000 மீட்டருக்கும் கீழே சென்று வேலை செய்தார்கள். தமிழகத்திலிருந்து அங்கே குடியேறிய தொழிலாளர்கள் பல தலைமுறைகளாக இத்தகைய வடங்களில் தொங்கிய கூண்டுகளில்தான் இறங்கி ஏறினார்கள். 2001ஆம் ஆண்டில் அச்சுரங்கங்கள் மூடப்பட்டன.

ஆல்பர்ட்டின் வடம் கடல் கடந்து அமெரிக்காவில் புகழ் பெற்றது. ஜெர்மனியில் பிறந்து 1831இல் பென்சில்வேனியாவில் குடியேறிய ஜான் ரோப்ளிங், மலைச் சரிவுகளில் கால்வாய்ப் படகுகளைத் தண்டவாளத்தின்மேல் ஏற்றி இழுப்பதைக் கண்டார். அங்கும் சணற் கயிறுகள் அடிக்கடி அறுந்தன. 1841இல் அவர் கம்பி வடம் செய்யத் தொடங்கினார். பின்னர் பாலம் கட்டுவதில் இறங்கினார். 1855இல் நயாகரா ஆற்றின்மேல் ரயில் வண்டியே ஓடும் தொங்கு பாலத்தைக் கட்டி முடித்தார்.

பாலத்து வடம் கப்பியில் ஓடுவதில்லை. இருந்த இடத்திலேயே நிரந்தரமாகத் தொங்குகிறது. ஆகவே ரோப்ளிங் தம் பெரிய பாலங்களின் வடங்களில் கம்பிகளை முறுக்காமல் நேர் நேராக அடுக்கிக் கட்டினார். முறுக்கு இல்லாவிடில் கம்பியின் பலம் முழுவதும் இழுவிசையைத் தாங்குவதற்கே பயன்படும்.

பளு செல்லும் வழி எளியது. பாலத்தின் தளத்தைச் செங்குத்தான தொங்கு கம்பிகள் பிடித்துக்கொள்கின்றன. அவற்றைப் பெருவடம் தாங்குகிறது. பெருவடம் இரு கோபுரங்களின் உச்சியில் அமர்ந்து அவற்றைக் கீழ்நோக்கி அழுத்துகிறது. பின் இரு கரைகளிலும் பெரிய கட்டுமானங்களுக்குள் நங்கூரமிடப்படுகிறது. இதில் தொய்வுதான் சூட்சுமம். வீட்டில் துணி உலர்த்தும் கொடியை விறைப்பாகக் கட்டினால், ஒரு வேட்டியைப் போட்டதும் முளையே பிடுங்கிக்கொண்டு வரும். சற்றுத் தொய்யவிட்டால் தாங்கும். பாலத்திலும் அப்படியே. வடத்தின் தொய்வு, இரு கோபுரங்களுக்கு இடையிலுள்ள தூரத்தில் பத்தில் ஒரு பங்கானால், நடுவில் இழுவிசை மொத்தப் பளுவைப்போல் ஒன்றேகால் மடங்கு. தொய்வு இருபதில் ஒரு பங்கானால் இரண்டரை மடங்கு!

ரோப்ளிங்கின் கடைசிக் கனவு நியூயார்க்கையும் புரூக்ளினையும் இணைக்கும் பாலம். 1869இல் இடத்தை ஆய்ந்துகொண்டிருந்தபோது காலில் அடிபட்டு, இசிவு நோய் கண்டு மறைந்தார். மகன் வாஷிங்டன் பணியை ஏற்றார். ஆற்றின் அடியில் அழுத்தக் காற்று நிரம்பிய அறைகளில் வேலை செய்ததால் 1872இல் அவரும் நோயுற்றார். அதன்பின் அவர் மனைவி எமிலி, கணவரின் கட்டளைகளைப் பொறியாளர்களிடம் கொண்டுசென்று, கணக்கையும் கற்று, பணி நிற்காமல் பார்த்துக்கொண்டார். பாலத்தின் நடுப்பகுதி ஏறத்தாழ 1,595 அடி. துத்தநாகம் பூசிய எஃகுக் கம்பிகளால் ஆன நான்கு பெருவடங்கள். ஒவ்வொன்றிலும் 19 புரிகள். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட கம்பிகள்.

இந்தக் கம்பியில்தான் மோசடி நுழைந்தது. கம்பி வழங்க ஒப்பந்தம் பெற்ற லாயிட் ஹேய், சோதனையில் தேறிய சுருள்களுக்குச் சான்று பெற்றுக்கொண்டு, வழியில் அவற்றை மாற்றி, தள்ளுபடியான கம்பியைப் பாலத்துக்கு அனுப்பினார். 1878இல் உண்மை வெளிப்பட்டபோது கெட்ட கம்பிகள் வடத்துக்குள் சென்றுவிட்டன. அவற்றைப் பிரித்தெடுக்க வழியில்லை. ஆனால், வரக்கூடிய பளுவைப்போல் ஆறு மடங்கு பலம் வேண்டும் என்றே ரோப்ளிங் குடும்பத்தார் திட்டமிட்டிருந்தார்கள். குறைந்துபோன பலத்தைக் கணக்கிட்டு, ஒவ்வொரு வடத்திலும் 150 நல்ல கம்பிகளைக் கூடுதலாகச் சேர்த்தார்கள். 1883 மே 24ஆம் நாள் பாலம் திறக்கப்பட்டது. அந்த வடங்களே இன்றும் பாலத்தைத் தாங்குகின்றன.

ஆனால், வடமானாலும் கவனிப்பாரின்றி விட்டால் காலனாகும். பிரான்சில் ஆன்ஜே நகரத்துக் கம்பிப் பாலம் 1850இல், படைவீரர்கள் புயலில் கடந்து செல்கையில் அறுந்து விழுந்தது. 200க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கரையில் கண்ணுக்கு மறைவாகப் புதைந்திருந்த இடத்தில் கம்பிகள் துருவேறியிருந்தன. அமெரிக்காவில் ஒஹாயோ ஆற்றின்மேல் 1928இல் கட்டிய சில்வர் பாலம், கம்பி வடமின்றி எஃகுப் பட்டைகளைக் கோத்த சங்கிலியில் தொங்கியது. ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டே பட்டைகள். 1967 டிசம்பர் 15 அன்று ஒரு பட்டையிலிருந்த மிகச் சிறிய விரிசல் முறிவாகி, பாலம் முழுவதும் ஆற்றில் வீழ்ந்தது. 46 உயிர்கள் போயின. ஆல்பர்ட் சங்கிலியிடம் கண்ட குறையை, நூறாண்டுக்குப் பின்னும் உலகம் இவ்வளவு விலை கொடுத்துக் கற்க நேர்ந்தது.

துருக்கியில் 2022இல் திறந்த சனாக்கலே பாலத்தில் கோபுரங்களுக்கு இடையே 2,023 மீட்டர். பன்னிரண்டு கம்பிகளில் தொடங்கிய வடம் இன்று இவ்வளவு தூரம் எட்டியிருக்கிறது. ஆயினும் அடிப்படை மாறவில்லை. பளுவைப் பலரிடையே பகிர்தல், தேவைக்குமேல் பலத்தைச் சேர்த்து வைத்தல், மறைவிடத்தையும் சென்று பார்த்தல் ஆகிய மூன்றுமே அது. பொறியியல் பயிலப்போகும் மாணவர்கள் முதலிரண்டையும் நூல்களில் கற்பார்கள். மூன்றாவதை மட்டும் நாள்தோறும், யாரும் பாராட்டாதபோதும், செய்துகொண்டே இருக்க வேண்டும்.