திருச்செந்தூரோடு திரும்பி விடாதீங்க! தேரியும் கடலும் கைகோர்க்கும் மணப்பாடு

தூத்துக்குடி மாவட்டம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு என்ன ஞாபகம் வரும்? உப்பு, முத்து, துறைமுகம், மக்ரூன். செய்தி படிக்கிறவர்களாக இருந்தால் 2018-ம் ஆண்டு துப்பாக்கிச்சூடு. சுற்றுலா என்று பேச்சு எடுத்தால் மட்டும், "அதான் திருச்செந்தூர் போயிட்டு வந்தாச்சே" என்று ஒரே வரியில் முடித்து விடுவார்கள்.

காலையில் முருகனை தரிசனம் செய்து, மதியம் சாப்பிட்டு, சாயங்கால ரெயிலை பிடித்து ஊர் திரும்பி விடுகிறார்கள். அங்கிருந்து தெற்கே வெறும் 18 கி.மீ. தூரத்தில் மணப்பாடு இருக்கிறது. மேற்கே திரும்பினால் ரத்தச் சிவப்பில் பாலைவனம் போல தேரிக்காடு விரிந்து கிடக்கிறது. இந்த மாவட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன், எங்கள் ஊரின் அழகே அங்கேதான் இருக்கிறது. அதை பார்க்காமல் போவது, கல்யாண வீட்டுக்கு வந்து பந்தியில் உட்காராமல் போவது மாதிரி!

1986-ம் ஆண்டு அக்டோபர் 20-ந்தேதி நெல்லை மாவட்டத்தில் இருந்து பிரிக்கப்பட்டது தூத்துக்குடி மாவட்டம். சுமார் 160 கி.மீ. நீளத்துக்கு கடற்கரை உண்டு. அத்தனையையும் ஒரே மூச்சில் பார்க்க முடியாது. இரண்டு நாள் கையில் இருந்தால் இந்த வழியில் போய்ப் பாருங்கள்.

உப்பளம் தாண்டி...

தூத்துக்குடியில் இருந்து திருச்செந்தூர் சுமார் 40 கி.மீ. முள்ளக்காடு, பழையகாயல் பக்கம் ரோட்டின் இரண்டு புறமும் உப்பளங்கள். வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள் வெயிலில் கண்ணை கூசும். பஸ்சில் போகிற நமக்கு சில நிமிடம்தான் இந்த கூச்சம். பாத்தியில் இறங்கி உப்பு வாருகிறவர்களுக்கு நாள் முழுக்க. மழைக்காலம் வந்தால் வேலையே கிடையாது.

அடுத்து தாமிரபரணி பாலம். ஆற்றைத் தாண்டினால் திடீரென்று எல்லாம் பச்சை. வாழையும் வெற்றிலைக் கொடிக்காலுமாக ஆத்தூர் வந்து விடும். இந்த ஆத்தூர் வெற்றிலைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பாண்டியர்களின் துறைமுகமாக இருந்த கொற்கையும் இந்த வட்டாரத்தில்தான் உள்ளது. கடல் பின்வாங்கி விட்டதால் அது இப்போது உள்நாட்டு கிராமம். போகிறவர்கள் ஏமாற வேண்டாம், அங்கே அலை கிடையாது!

காயல்பட்டினத்தில் பழமையான பள்ளிவாசல்கள் இருக்கின்றன. தம்மடை என்ற பலகாரத்தை கேட்டு வாங்கி சாப்பிடுங்கள். 2023 டிசம்பரில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டி நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்த ஊர் இது.

திருச்செந்தூரை பற்றி தனியாக சொல்ல வேண்டியது இல்லை. எல்லோருக்கும் தெரிந்ததே. கோவிலுக்கு முன்னால் உள்ள கடற்கரையில் அண்மை ஆண்டுகளாக கடல் அரிப்பு உள்ளது. குழந்தைகளை குளிக்க விடும்போது கவனம்.

சிவப்பு மணல் அதிசயம்

இனிமேல்தான் விஷயமே. திருச்செந்தூரில் இருந்து மேற்கே காயாமொழி. 'தினத்தந்தி'யை 1942-ல் தொடங்கிய சி.பா.ஆதித்தனார் பிறந்த ஊர் என்பது குறிப்பிடத்தக்கது. அதை ஒட்டி தொடங்குகிறது தேரி. முதல்முறை பார்ப்பவர்கள் "இது தமிழ்நாடுதானா?" என்று கேட்பார்கள். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை செம்மணல் மேடுகள். நடுநடுவே பனை, உடைமரம், கொல்லாமரம் (முந்திரி). கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் மணல் எப்படி சிவந்தது?

ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக காற்று அடித்துக் குவித்த மணல் இது. மணலில் உள்ள இரும்புச்சத்து துருவேறி, ஒவ்வொரு மணல் துகள் மீதும் மேல்பூச்சு மாதிரி ஒட்டிக்கொண்டதால்தான் இந்த நிறம். கற்கால மனிதர்கள் பயன்படுத்திய சின்னஞ்சிறு கல் கருவிகள் தேரிகளில் கிடைத்து, தொல்லியல் அறிஞர்கள் அதை ஆராய்ந்து எழுதி இருக்கிறார்கள். ஆடி மாதம் தென்மேற்குக் காற்று அடிக்கும்போது இந்த மணல் பறந்து வந்து கண்ணிலும் வாயிலும் அடிக்கும். சில நாளில் நடைபாதையே மறைந்து போகும். தனியாக உள்ளே போய் வழி தெரியாமல் திண்டாடினவர்கள் உண்டு. உள்ளூர் ஆள் ஒருவரை கூட்டிக்கொண்டு, காலை 9 மணிக்குள் அல்லது சாயங்காலம் போவதே நல்லது. வெறுங்காலோடு போக ஆசைப்படாதீர்கள். மத்தியான மணல் பொரிச்சு எடுத்துடும்!

தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார் கோவிலில் கார்த்திகை மாதக் கடைசியில் நடக்கும் 'கள்ளர் வெட்டு' பெயர் போனது. கள்ளனுக்கு பதிலாக இளநீரை வெட்டுவார்கள். அந்த இளநீர் பட்ட செம்மண்ணை அள்ளிக்கொண்டு போக கூட்டம் முண்டியடிக்கும். மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோவிலில் சுனையே இருக்கிறது. இந்த வறண்ட காட்டில் சுனையா என்று ஆச்சரியப்பட வேண்டாம். பெய்த மழையை அப்படியே குடித்து அடியில் சேர்த்து வைத்துக்கொள்ளும் தன்மை தேரி மணலுக்கு உண்டு. சுற்றுவட்டாரக் கிணறுகளில் நல்ல தண்ணீர் கிடைக்க அதுவும் ஒரு காரணம்.

இந்த மணலில் டைட்டானியம் எடுக்க சாத்தான்குளம் பகுதியில் தொழிற்சாலை கொண்டுவர திட்டம் வந்தபோது, 2007-ல் ஊர் மக்கள் கொதித்து எழுந்தது சும்மா இல்லை. திட்டம் கைவிடப்பட்டது. இப்போது சிலர் மோட்டார் சைக்கிளை கொண்டுவந்து மணல் மேட்டில் ஏற்றி வீடியோ எடுக்கிறார்கள். பாட்டில்களை அங்கேயே வீசிவிட்டுப் போகிறார்கள். அப்படிப்பட்டவர்கள் தயவு செய்து வரவே வேண்டாம்.

பதநீ குடிச்சாச்சா?

காயாமொழியில் இருந்து பரமன்குறிச்சி வழியாக உடன்குடிக்கு வாருங்கள். கருப்பட்டிக்கு பேர் போன ஊர். உடன்குடி பனங்கருப்பட்டிக்கும் 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்து விட்டது. பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களில் வந்தால் அதிகாலையில் "அண்ணாச்சி, பதநீ இருக்கா?" என்று கேட்டால் போதும், பனை ஓலையை மடித்து பட்டை பிடித்து அதில் ஊற்றித் தருவார்கள். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுவதால் அது புளிக்காது.

தோட்டத்துக்குள் ஓலை வேய்ந்த குடிசை தெரிந்தால் அதுதான் விடிலி. பனையேறுகிறவர் இறக்கி வரும் பதநீரை அவர் வீட்டுப் பெண்கள் அங்கே பெரிய பாத்திரத்தில் காய்ச்சி, பாகு பதம் பார்த்து சிரட்டையில் ஊற்றுவார்கள். அனலுக்கு முன்னால் மணிக்கணக்கில் கிண்டுகிற வேலை. பனையேறுவதோ அதைவிட சிரமம். காலையும் மாலையும் ஏறி பாளையை சீவ வேண்டும். தவறி விழுந்தால் உயிர் போகும், இல்லை இடுப்பு போகும். அதனால்தான் பிள்ளைகளை இந்த தொழிலுக்கு அனுப்ப யாருக்கும் மனசு இல்லை. மரம் நிற்கிறது, ஏற ஆள் இல்லை.

இந்த இடைவெளியில்தான் சர்க்கரை கலந்த போலி கருப்பட்டி புகுந்து விட்டது. பேரம் பேசி பாதி விலைக்கு வாங்கினால் பெரும்பாலும் அதுதான் கிடைக்கும். நல்ல கருப்பட்டி சற்று கருமையாக இருக்கும், இனிப்புக்கு அடியில் லேசான உப்புக்கரிப்பு நாக்கில் தட்டும். முடிந்தால் விடிலியிலேயே நேரடியாக வாங்குங்கள். சொன்ன விலையை கொடுங்கள்.

குலசையில் ராக்கெட்

உடன்குடியில் இருந்து கடலை நோக்கி திரும்பினால் குலசேகரன்பட்டினம். முத்தாரம்மன் கோவில் தசராவுக்கு காளி, குரங்கு, போலீஸ், பிச்சைக்காரர் என்று விதவிதமாக வேடம் போட்டு லட்சக்கணக்கான பக்தர்கள் குவிவார்கள். கொண்டாட்டம் பார்க்க ஆசை என்றால் அப்போது வாருங்கள். அமைதி வேண்டும் என்றால் அந்த பத்து, பன்னிரண்டு நாளும் இந்த பக்கமே எட்டிப் பார்க்காதீர்கள். சுதந்திர போராட்ட காலத்தில், 1942-ல் உப்புத்துறை அதிகாரி லோன் கொல்லப்பட்ட வழக்கால் நாடு முழுக்க பேசப்பட்ட ஊரும் இதுதான்.

இனி உலகம் முழுக்க பேசப்படும். இஸ்ரோவின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ந்தேதி இங்கே அடிக்கல் நாட்டப்பட்டது. ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து தெற்கே போகும் ராக்கெட், இலங்கையை சுற்றி வளைந்து போக வேண்டும். குலசையில் இருந்து என்றால் நேராக தெற்கே கடல்தான். எரிபொருள் மிச்சம், சின்ன ராக்கெட்டிலேயே கூடுதல் எடை ஏற்றலாம்.

ஊருக்கு பெருமைதான், வேலை வரும் என்ற நம்பிக்கையும் இருக்கிறது. அதேநேரம், ராக்கெட் விடுகிற நாளில் கடலுக்கு போக முடியுமா, கரையில் முன்னே மாதிரி நடமாட விடுவார்களா என்ற கவலை மீனவர்களுக்கு உண்டு. எதுவானாலும் இந்த கடற்கரை இனி பழைய மாதிரி இருக்கப்போவது இல்லை. பார்க்க நினைப்பவர்கள் தள்ளிப் போடாமல் வந்து விடுங்கள்.

மணல் குன்றின் மேல் கோவில்

கடைசியாக மணப்பாடு. கடலுக்குள் மூக்கு நீட்டின மாதிரி ஒரு மணல் குன்று. அதன் உச்சியில் திருச்சிலுவை ஆலயம், 1581-ல் கட்டியது. புயலில் தப்பிய போர்ச்சுகீசிய கப்பலின் தலைவர், முறிந்த பாய்மரத்தில் சிலுவை செய்து இங்கே நட்டார் என்பது வழிவழியாக சொல்லப்படும் வரலாறு. 1542-ல் வந்த புனித சவேரியார் தங்கி ஜெபம் செய்ததாக சொல்லும் குகை, குன்றின் கடல் பக்கத்தில் இருக்கிறது. உள்ளே ஒரு கிணறு. அலை அடிக்கும் தூரத்தில் இருந்தும் தண்ணீர் உப்புக் கரிப்பது இல்லை. செப்டம்பர் 14-ந்தேதி திருவிழாவுக்கு வெளியூரில் இருக்கும் மணப்பாட்டுக்காரர்கள் எல்லோரும் வந்து சேர்ந்து விடுவார்கள்.

குன்றின் மேல் நின்று பார்த்தால் ஒரு பக்கம் ஆர்ப்பரிக்கும் கடல். மறுபக்கம் கருமேனியாறு கடலில் கலக்க முடியாமல் மணல் திட்டுக்கு பின்னால் அமைதியாக படுத்துக் கிடக்கும். நடுவில் பிறை மாதிரி வளைந்த கரை, வரிசையாக படகுகள். சாயங்கால வெயிலில் இதை பார்க்க கண் இரண்டு போதாது. மணிரத்னம் தனது 'கடல்' (2013) படத்துக்கு இங்கே கேமராவை கொண்டு வந்ததில் வியப்பு இல்லை.

ஊருக்குள் நடந்து பாருங்கள். கொழும்பு வியாபாரத்தில் சம்பாதித்து கட்டிய பெரிய பெரிய வீடுகள். பல வீடுகளில் பூட்டுதான் தொங்குகிறது. பெண்கள் நடத்தும் பனை ஓலை கூட்டுறவு சங்கத்தில் பெட்டி, கூடை, தொப்பி கிடைக்கும். பிளாஸ்டிக் பையை விட எவ்வளவோ மேல்.

குன்றின் முனையில் பாறையும் நீரோட்டமும் உண்டு, அங்கே குளிக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மீனவர்கள் கடலுக்கு போக மாட்டார்கள், அன்றைக்கு புது மீன் எதிர்பார்க்காதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு தடைக்காலம், மீன் விலை ஏறிக் கிடக்கும். பூசை நேரத்தில் கோவிலுக்குள் செல்பி எடுக்காதீர்கள், ஊர்க்காரர்கள் வாயைத் திறந்து சொல்ல மாட்டார்கள், மனசுக்குள் திட்டுவார்கள்.

எப்படி போவது?

சென்னையில் இருந்து திருச்செந்தூருக்கு நேரடி ரெயில் உண்டு. விமானத்தில் வருபவர்கள் தூத்துக்குடி வாகைகுளத்தில் இறங்கலாம். திருச்செந்தூரில் இருந்து மணப்பாட்டுக்கு பஸ் உண்டு. தேரிக்கு மட்டும் ஆட்டோ அல்லது கார் பேசிக்கொள்வது நல்லது. மணப்பாட்டில் தங்கும் வசதி குறைவு என்பதால் திருச்செந்தூரில் ரூம் போடுங்கள். சஷ்டி, வைகாசி விசாகம் நேரத்தில் ரூம் கிடைக்காது. மார்கழி, தை, மாசியில் வெயில் கொஞ்சம் இதமாக இருக்கும். ஆனால் பதநீர் வேண்டும் என்றால் வெயிலை பொறுத்துக்கொண்டு பங்குனிக்கு பிறகுதான் வர வேண்டும். திரும்பும்போது தூத்துக்குடியில் ராத்திரி இறங்கி பரோட்டா சாப்பிட ஆசைப்பட்டால், "நைட் கிளப் எங்கே இருக்கு?" என்று கேளுங்கள். பயப்படாதீங்க, எங்க ஊர்ல பரோட்டா கடைக்குத்தான் அந்த பேரு!