அந்த நாளில் வெடித்த துவக்கு

ஏவி. எம். நிறுவனத்தாரின் ‘அந்த நாள்’ என்னும் திரைப்படம் ஒரு வெடியோசையோடு தொடங்குகின்றது. வீணை வித்துவானாகிய எஸ். பாலசந்தர் நெறிப்படுத்தி, 1954ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் வெளிவந்த இப்படத்திலே பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டைக் காட்சியும் இல்லை. பாட்டுக்காகவே படம் பார்த்த அக்காலத்தில் இது பெருந்துணிவு. வசூல் குறைந்தது, ஆயினும் அரசாங்கத்தின் தகுதிச் சான்றிதழ் கிடைத்தது.

கதை நிகழுங் காலம் 1943 அக்டோபர். 11ஆந் தேதி இரவு யப்பானிய விமானம் சென்னைமீது குண்டு வீசியது வரலாறு. அதன் மறுநாள் வானொலிப் பொறியியலாளனான இராஜன் தன் வீட்டிலே சுடப்பட்டு இறந்து கிடக்கின்றான். விசாரணையிலே ஒவ்வொருவரும் வேறொருவர்மீது ஐயங்கொள்கின்றனர். அயலவர் தம்பியைச் சொல்கிறார். தம்பி தன் மனைவியைச் சொல்கிறான். அவளோ வேறொருத்தியைச் சுட்டுகிறாள். யாழ்ப்பாணத்தார் துவக்கு என்று சொல்லும் அந்தச் சிறு கருவி இவ்வாறு சொல்லிலேயே கைக்குக் கை மாறுகின்றது. இறுதியில் அது மனைவி உஷாவின் கையில் வந்து நிற்கின்றது. தன் கல்வித்திறனை நாடு மதிக்கவில்லை என்று மனங்கசந்த கணவன் யப்பானியருக்கு ஒற்றனானான் என்பதை அவள் அறிந்துவிட்டாள். சிவாஜி கணேசன் இராஜனாகவும் பண்டரிபாய் உஷாவாகவும் நடித்தனர். படம் முழுவதிலும் துப்பாக்கியைவிடக் கொடிய ஆயுதமாகத் தோன்றுவது வானொலிக் கருவியே.

படத்தின் தீர்ப்பு ஐயத்திற்கு இடமற்றது: பகைவனுக்குச் செய்தி அனுப்புபவன் துரோகி. வரலாற்றின் தீர்ப்போ அவ்வளவு எளிதன்று. அதே 1943ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆந் தேதி, அதாவது குண்டு விழுவதற்கு ஒரு மாதம் முன்னர், சென்னைச் சிறையிலே வக்கம் அப்துல் காதர், அனந்தன், சத்யேந்திர சந்திர பர்தன், பௌஜா சிங் ஆகிய நால்வர் தூக்கிலிடப்பட்டனர். இவர்கள் யப்பானியர் வசமிருந்த மலாயாவிலிருந்து இரகசியப் பணிக்கென அனுப்பப்பட்டவர்கள். காதர் முதலிய சிலர் நீர்மூழ்கிக் கப்பலில் வந்து மலையாளக் கரையில் இறங்கியவர்கள். பிரித்தானியச் சட்டம் இவர்களைப் பகைவரின் ஒற்றர் என்றது. சுதந்திர இந்தியா தியாகிகள் என்கிறது. இராஜனுக்கும் இவர்களுக்கும் வேறுபாடு உண்டு என்பது மெய்யே. அவன் தன் மனக்கசப்புக்காகச் செய்தான். இவர்கள் நாட்டுக்காகச் செய்தனர். ஆனால் குண்டுக்கு அஞ்சி ஊரைவிட்டோடிய சென்னைவாசிக்கு இந்த வேறுபாடு எங்கே புலப்பட்டிருக்கும்?

இனி, துவக்கு ஏந்திய பெண்ணைப் பற்றி. உஷா கணவனைச் சுடும் அதே அக்டோபர் மாதத்திலே, 22ஆந் தேதி, சிங்கப்பூரில் ஜான்சிராணிப் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. அதன் தலைவி லட்சுமி சுவாமிநாதன் சென்னையிலே பிறந்து, அங்கேயே மருத்துவம் பயின்றவர். அவரிடம் வந்து சேர்ந்தவர்களுட் பலர் இறப்பர்த் தோட்டங்களிற் பால் வெட்டிய தமிழ்ப் பெண்கள். அவர்கள் உண்மையான துப்பாக்கியை ஏந்தி, யப்பானியரின் நேசப்படையாகவே அணிவகுத்தனர்.

அவ்வணியில் யாழ்ப்பாண வழிவந்த பெண்களும் இருந்தனர். மலாயாவின் புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் வேலை பார்க்க யாழ்ப்பாணத்தார் சென்றதும், அவர்கள் அனுப்பிய பணத்தில் ஊரிலே கல்வீடுகள் எழுந்ததும் நேயர்கள் அறிந்தவையே. அத்தகைய இலங்கைத் தமிழ்க் குடும்பமொன்றில் 1927இல் ஈப்போவிலே பிறந்த இராசம்மா நவரத்தினம், தமக்கை பொன்னம்மாவுடன் அப்படையிற் சேர்ந்து பர்மாவரை சென்றார். பின்னாளில் இராசம்மா பூபாலன் என்னும் பெயரில் மலேசியாவிலே ஆசிரியையாகவும் பெண்ணுரிமைக்குப் பாடுபட்டவராகவும் புகழ்பெற்றார்.

அவ்வேளையில் யாழ்ப்பாணத்தின் நிலையோ வேறு. கொழும்பும் திருகோணமலையும் 1942 ஏப்ரலிற் குண்டுவீச்சுக்கு இலக்காயின. பலாலியிலே பிரித்தானிய விமானப்படைக்கு விமானத்தளம் அமைந்தது. தளம் இங்கே, அதற்கு எதிரான அணியிலே இவ்வூரார் பெற்ற பெண்கள் அங்கே. சிங்கப்பூர் 1942 பெப்ரவரியில் வீழ்ந்தபின், பிள்ளைகள் எந்தப் பக்கம் நின்றார்கள் என்று ஊரிலிருந்தோர் கேட்டறிய வழியில்லை. 1945 செப்டம்பரிற் பிரித்தானியர் மலாயாவுக்குத் திரும்பிய பின்னரே கடிதங்கள் வரத் தொடங்கின.