தலைக்கு இவ்வளவு

கம்பம் பள்ளத்தாக்கில் விடிகாலை நாலு மணிக்கு எழுந்து பார்த்தவர்களுக்கு இது தெரியும். கூடலூர், கம்பம், கோம்பை, தேவாரம், போடி என்று எந்த ஊர்ச் சேரிக்குப் போனாலும் அந்த நேரத்தில் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். தூக்குச்சட்டியில் சோற்றைப் போட்டுக்கொண்டு, தலைத்துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, பெண்கள் தெருமுனைக்கு வருவார்கள். ஜீப் வரும். ஏறத்தாழ ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்து குமுளி வழியாகவோ, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாகவோ கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் போவார்கள். பொழுது சாயத் திரும்புவார்கள்.

எங்கள் தெருவில் ஒரு பாட்டி இருந்தது. மலை வேலையைப் பற்றி அதனிடம் பேச்சுக் கொடுத்தால் எப்போதும் ஒரே கதைக்குத்தான் வரும். "எங்கய்யாவைக் கங்காணி கூட்டிட்டுப் போகையில முன்பணம் குடுத்தானாம். அது எம்புட்டுன்னு எங்கய்யாவுக்குத் தெரியும், கைநாட்டு வச்சாருல்ல. ஆனா எங்கய்யா தலைக்குத் தொரைகிட்ட கங்காணி எம்புட்டு வாங்குனான்? அது மட்டும் அவருக்குச் சாகுறவரைக்கும் தெரியாது."

அந்தப் பாட்டியின் கேள்வியை வைத்துக்கொண்டு ஒரு வரிச் சட்டத்தைப் படிக்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் நோக்கம். வேலை கிடைப்பதில் தடை உள்ளவர்களை வேலைக்கு வைத்துக்கொள்ளும் முதலாளிக்கு அரசாங்கம் வரியில் சலுகை தருவது என்று ஒரு முறை உலகத்தில் இருக்கிறது. தனியார் துறையில் நம் பிள்ளைகளுக்குக் கதவு திறக்காத நிலையில், 'சலுகையாவது கொடுத்து முதலாளிகளைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லலாமே' என்று நம் தோழர்களிலும் சிலர் பேசுகிறார்கள். பேசட்டும். அதற்கு முன்னால் நம் பள்ளத்தாக்கின் வரலாற்றை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நல்லது. ஆள் சேர்ப்பவனுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கொடுக்கும் முறை நமக்குப் புதிதல்ல.

*

1877இல் பூஞ்சாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைகள் வெள்ளைக்காரர் கைக்குப் போயின. அந்த மலைக்குப் போடி, குரங்கணி, டாப் ஸ்டேஷன் வழியும் ஒரு வாசலாக இருந்தது. 1895இல் பென்னிகுவிக் கட்டிய பெரியாறு அணையின் தண்ணீர் பள்ளத்தாக்குக்குள் இறங்கியது. வயல்கள் செழித்தன. ஆனால் அந்த வயல்கள் யார் பெயரில் இருந்தன? சேரிக்கு நாற்று நடவும் அறுப்பும்தான் வந்தன, நிலம் வரவில்லை. ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்க விடாதவன், கடையில் தனிக் குவளை வைத்தவன், தன் வயலில் மட்டும் நம்மை இறங்கச் சொன்னான். அவன் கொடுத்ததுதான் கூலி. அந்தப் பிடியிலிருந்து தப்பிக்க மலை ஒன்றுதான் வழியாகத் தெரிந்தது.

கங்காணி வந்தது அப்போதுதான். தோட்டத்துரை கங்காணியிடம் பணம் கொடுப்பான். கங்காணி அதை முன்பணமாகக் குடும்பங்களுக்குக் கொடுத்து ஆள் சேர்த்துக் கொண்டுபோவான். அவன் ஆட்கள் செக்ரோலில் பேர் ஏறி வேலை செய்யச் செய்ய, அவனுக்குக் கமிஷன் ஏறும். முன்பணமோ கூலிக்காரன் தலையில் கடனாக நிற்கும். அதாவது, ஒரே பணம் ஒருவனுக்கு வருமானம், இன்னொருவனுக்குக் கடன். அந்தக் காலத்துச் சட்டமும் யார் பக்கம் நின்றது என்பதைப் பாருங்கள். பிரிட்டிஷ் இந்தியாவில் 1859ஆம் ஆண்டின் 13ஆம் சட்டப்படி, முன்பணம் வாங்கிவிட்டு வேலையைச் செய்யாத தொழிலாளியை மாஜிஸ்டிரேட் மூன்று மாதம் வரை சிறைக்கு அனுப்பலாம். கூலியை ஏமாற்றிய முதலாளிக்கு அந்தச் சட்டத்தில் சிறை இல்லை. அதை நீக்குவதற்கு 1925இல்தான் சட்டம் வந்தது.

இதில் கசப்பான இன்னொரு விஷயத்தையும் மறைக்கக் கூடாது. சில இடங்களில் கங்காணி நம்ம ஆளாகவே இருந்தான். சொந்தக்காரன் என்று நம்பித்தான் போனார்கள். ஆள் யார் என்பதில் கோளாறு இல்லை. பணம் போன பாதையில்தான் கோளாறு.

*

இப்போது வரிச் சலுகைக்கு வருவோம். இந்த முறை ஊன்றி வளர்ந்த இடம் அமெரிக்கா. அங்கே 1978இல் ஒரு வரிக்கழிவுத் திட்டம் வந்தது. 1996இல் அதை மாற்றி இன்னொன்று கொண்டுவந்தார்கள். அரசின் உணவு உதவி பெறுகிற ஏழைகள், சிறையிலிருந்து வெளியே வந்தவர்கள், முன்னாள் ராணுவத்தினர், உடல் ஊனமுற்றோர் என்று சில வகையினரைக் குறித்து, அவர்களை வேலைக்கு வைக்கும் முதலாளி கட்ட வேண்டிய வரியிலிருந்தே ஒரு தொகையைக் குறைத்துக்கொள்ளலாம் என்றார்கள். பொதுவாக, 400 மணி நேரம் வேலை கொடுத்திருந்தால் முதல் 6,000 டாலர் கூலியில் 40 சதவீதம், அதாவது 2,400 டாலர். 2020 கடைசியில் அந்தத் திட்டத்தை 2025 டிசம்பர் 31 வரை நீட்டினார்கள். அந்தப் பட்டியலில் கறுப்பர் என்ற சொல் இல்லை என்பதை மட்டும் ஞாபகத்தில் வையுங்கள். நிறவெறியால் வேலை மறுக்கப்பட்டவர் அந்தக் கணக்குக்குள் வர வேண்டுமானால் ஏழையாக, கைதியாக, வேறு ஏதாவதாகத்தான் வர வேண்டும்.

இதே அமெரிக்காவில், ஒஹையோ மாநிலத்து டேட்டன் நகரத்தில், 1980-81இல் ஒரு சோதனை நடத்தினார்கள். வேலை தேடும் ஏழைகளில் ஒரு பகுதியினரிடம் ஒரு சீட்டைக் கொடுத்தார்கள். 'இவரை வேலைக்கு எடுத்தால் உங்களுக்கு அரசாங்கம் பணம் தரும்' என்பது சீட்டின் சாரம். அதை முதலாளியிடம் காட்டி வேலை கேட்க வேண்டும். இன்னொரு பகுதியினருக்குச் சீட்டு இல்லை. முடிவை பொருளாதார அறிஞர் கேரி பர்ட்லெஸ் 1985இல் எழுதினார். சீட்டு இல்லாதவர்களில் 100க்கு 20 பேருக்கு மேல் வேலை கிடைத்தது. சீட்டு வைத்திருந்தவர்களில் 100க்கு 13 பேருக்குத்தான் கிடைத்தது. சலுகைச் சீட்டே முத்திரையாகிவிட்டது. 'அரசாங்கம் காசு கொடுத்துத் தள்ளிவிடப் பார்க்கிறதென்றால் இவனிடம் ஏதோ குறை இருக்கிறது' என்று முதலாளிகள் எடுத்துக்கொண்டார்கள் போலும் என்பது பர்ட்லெஸின் ஊகம்.

நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டுமா? சாதிச் சான்றிதழை நீட்டும்போது எதிரே இருப்பவன் முகம் மாறுவதை ஒருமுறையாவது பார்க்காத தலித் மாணவர் இருக்கிறாரா? பெயரே போதும் என்று நம் நாட்டிலும் காட்டியிருக்கிறார்கள். சுக்தேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் 2005 அக்டோபர் முதல் ஒன்றேகால் ஆண்டு பத்திரிகைகளில் வந்த வேலை விளம்பரங்களுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை வேறு வேறு பெயர்களில் அனுப்பினார்கள். 2007இல் முடிவு வந்தது. மேல்சாதிப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பை 1 என்று வைத்தால், தலித் பெயருக்கு அது 0.67. படிப்பு ஒன்று, அனுபவம் ஒன்று, பெயர் மட்டும் வேறு.

*

இந்தியச் சட்டத்தில் என்ன இருந்தது? 1998இல் வருமான வரிச் சட்டத்துக்குள் 80 ஜேஜேஏஏ என்ற பிரிவைக் கொண்டுவந்தார்கள். புதிதாகச் சேர்த்த தொழிலாளருக்குக் கொடுக்கும் கூலியில் 30 சதவீதத்தை மூன்று ஆண்டுகளுக்கு வருமானத்திலிருந்து கூடுதலாகக் கழித்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு ஒரு லட்சம் கூலி என்றால் கழிவு 30,000. 35 சதவீத வரி கட்டும் கம்பெனிக்கு அதில் மிஞ்சுவது 10,500 ரூபாய். மூன்று ஆண்டில் 31,500.

யாருக்கு வேலை கொடுத்தால் இது கிடைக்கும்? அதில்தான் விஷயம் இருக்கிறது. உற்பத்தித் தொழிலாக இருக்க வேண்டும். நூறு தொழிலாளருக்கு மேலே சேர்த்தவர்களுக்குத்தான் கணக்கு. தற்காலிகத் தொழிலாளி சேர மாட்டார். காண்டிராக்ட் தொழிலாளி சேர மாட்டார். ஆண்டில் 300 நாளுக்குக் குறைவாக வேலை செய்தவர் சேர மாட்டார். தலித்துகள் எங்கே வேலை செய்கிறார்களோ அந்த இடங்களையெல்லாம் வரிசையாக அடித்துவிட்டு எழுதிய பட்டியல் மாதிரி இல்லையா இது? 2016இல் விதியைத் தளர்த்தினார்கள். 300 நாள் 240 நாளாகியது, ஆயத்த ஆடைக்கு 150 நாள். மாதச் சம்பளம் 25,000 வரை என்றார்கள். வருங்கால வைப்பு நிதியில் பேர் இருக்க வேண்டும் என்றார்கள். சாதி என்ற சொல் அப்போதும் உள்ளே வரவில்லை.

தடையைப் பேர் சொல்லிக் குறித்தது உடல் ஊனமுற்றோர் விஷயத்தில். 1995ஆம் ஆண்டுச் சட்டம், ஊழியரில் 5 சதவீதம் ஊனமுற்றோரை வைக்கும் முதலாளிக்கு ஊக்கம் தரலாம் என்றது. 2008 ஏப்ரல் முதல், 25,000 ரூபாய் வரை சம்பளத்தில் அவர்களைச் சேர்க்கும் தனியார் முதலாளியின் வைப்பு நிதி, இ.எஸ்.ஐ. பங்கை மூன்று ஆண்டுகளுக்கு அரசே கட்டும் என்று திட்டம் வந்தது. நல்லதுதான்.

தலித்துகளுக்கு? 2002 ஜனவரியில் போபாலில் கூடிய தலித் அறிவாளிகள் தனியார் துறையில் பங்கு கேட்டுப் பிரகடனம் வெளியிட்டார்கள். 2004இல் மத்திய ஆட்சியின் குறைந்தபட்சச் செயல்திட்டம் தனியார் துறை இட ஒதுக்கீடு பற்றிப் பேசியது. 2006இல் பிரதமர் மன்மோகன் சிங் முதலாளிகளைக் கூப்பிட்டுச் சொன்னார். முதலாளிகள் ஜே.ஜே. இரானி தலைமையில் குழு போட்டார்கள். சட்டம் போட்டுக் கட்டாயப்படுத்தாதீர்கள், நாங்களாகவே செய்கிறோம் என்றார்கள். பயிற்சி, உதவித்தொகை, நன்னடத்தை விதி என்று அது முடிந்தது. சட்டம் வரவில்லை.

*

சரி, பள்ளத்தாக்குக்குத் திரும்புவோம். ஜீப்பில் ஏறிப் போகும் அக்காவுக்காக அந்தத் தோட்டக்காரருக்கு 80 ஜேஜேஏஏ கிடைத்திருக்குமா? கிடைத்திருக்காது. முதலாவது, ஏலக்காய் வருமானம் விவசாய வருமானம். மத்திய வருமான வரியே அதற்குக் கிடையாது. வரியே இல்லாதவனுக்கு வரிச் சலுகை என்ன செய்யும்? தேயிலையில்கூட வருமானத்தில் 40 சதவீதம்தான் மத்திய வரிக்குள் வரும். இரண்டாவது, அந்த அக்கா தினக்கூலி. இன்றைக்கு இந்தத் தோட்டம், நாளைக்கு அந்தத் தோட்டம். ஆள் சேர்ப்பவர் பல நேரம் ஜீப்காரர். ஆண்டு முழுக்க மலையில் உழைத்தாலும் எந்த ஒரு முதலாளியின் ஏட்டிலும் அவருக்கு 240 நாள் இருக்காது. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறுத் தகராறில் எல்லை மூடியபோது, இடுக்கித் தோட்டங்களிலிருந்து நம்ம ஜனங்கள் பயந்து மலைப்பாதையில் நடந்தே இறங்கி வந்தார்கள். 2020இல் கொரோனாவுக்கு மெட்டுகளை அடைத்தபோது அடுப்பு எரியவில்லை. அந்த நாட்களுக்குக் கூலி யார் கொடுத்தார்கள்? 'எங்கள் தொழிலாளி' என்று சொல்லச் சட்டப்படி ஒரு முதலாளி இருந்தால்தானே கேட்க முடியும்.

மில்லுக்குப் போன பிள்ளைகளின் கதை வேறு. கோவை, திருப்பூர், திண்டுக்கல், தேனி வட்டாரத்து நூற்பாலைகளில் 'சுமங்கலி' என்று பேர் வைத்து இளம்பெண்களைச் சேர்த்தார்கள். மூன்று வருஷம் மில் விடுதிக்குள் இருந்து வேலை, முடிவில் கல்யாணத்துக்கு ஒரு மொத்தத் தொகை. அது வேறு யாருடைய பணமும் அல்ல, மாதாமாதம் பிடித்து வைத்த அவர்கள் கூலிதான். சேர்ந்தவர்களில் பெரும் பகுதி தலித் வீட்டுப் பிள்ளைகள். ஊர் ஊராக வந்து ஆள் பிடித்தவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன். பயிற்சியாளர் என்று எழுதிக்கொண்டதால் முழுத் தொழிலாளிக்குரிய கூலியும் இல்லை. பாட்டி சொன்ன கங்காணி மலையிலிருந்து இறங்கி மில் வாசலுக்கு வந்துவிட்டான் என்று இதைத்தான் சொல்கிறேன்.

2025 ஆகஸ்டு முதல் மத்திய அரசு இன்னொரு திட்டம் கொண்டுவந்தது. புதிதாகச் சேர்க்கும் ஒவ்வொரு ஆளுக்கும் முதலாளிக்கு மாதம் 3,000 வரை, இரண்டு ஆண்டுகளுக்கு. முதன்முதலாக வேலைக்கு வருபவருக்கு 15,000 வரை, இரண்டு தவணையில். தொழிலாளி கைக்கும் ஒரு பங்கு போகிறது என்பது முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் வாசல் பழைய வாசல்தான். வைப்பு நிதி ஏட்டில் பேர் இருந்தால்தான் உள்ளே போகலாம். ஜீப் அக்காவுக்கு அந்த ஏட்டில் ஏது பேர்?

*

ஆகவே சலுகையே வேண்டாம் என்பதல்ல என் வாதம். அரசுப் பணம் முதலாளிக்குப் போகத்தான் போகிறது. அதை நம் கண்ணுக்குத் தெரியாமல் போகவிடாதீர்கள் என்கிறேன். யார் தலைக்கு எவ்வளவு வாங்கினான் என்பதை அந்தத் தொழிலாளியிடமே எழுத்தில் கொடுக்கச் சொல்ல வேண்டும். சலுகை வாங்கும் ஒவ்வொரு ஆலையும் தன் ஊழியரில் தலித்துகள் எத்தனை பேர், எந்த வேலையில், எத்தனை ஆண்டாக என்று வெளியிட வேண்டும். தினக்கூலியின் வேலை நாட்களை முதலாளி மாறினாலும் அவர் பேரிலேயே சேர்த்து எண்ண வேண்டும். ஆளைச் சேர்த்ததற்கு மட்டுமல்லாமல், நிரந்தரமாக்கியதற்கும் உரிய கூலி கொடுத்ததற்கும் பிறகுதான் சலுகை என்று ஆக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. இட ஒதுக்கீடு உரிமை. அதைக் கேட்டு வாங்குகிறவர் தலை நிமிர்ந்து உள்ளே போகிறார். சலுகை முதலாளிக்குக் கொடுக்கும் கூலி. அதில் உள்ளே போகிறவர், தன்னைச் சேர்த்துக்கொள்ள அரசாங்கம் காசு கொடுத்தது என்ற பேச்சையும் சுமந்துகொண்டு போக வேண்டும். சலுகையைக் காட்டி உரிமையை ஓரங்கட்ட நினைப்பவர்களுக்கு நாம் இடம் கொடுக்கக் கூடாது.

பாட்டி போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. அதன் பேத்தி இப்போது ஜீப்பில் போகிறாள். அவளுடைய தலைக்கு யார் எவ்வளவு வாங்குகிறார்கள் என்று அவளுக்கும் தெரியாது. அவள் மகளாவது தெரிந்துகொண்டு வேலைக்குப் போக வேண்டும்.