திரையின் முதல் முத்திரை

முத்திரையிடும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. பாண்டியர் கயலையும், சோழர் புலியையும், சேரர் வில்லையும் தத்தம் சின்னமாகக் கொண்டனர். அரசன் விடுத்த ஓலையைப் பெற்றோர், எழுத்தைப் படிக்குமுன் அதன்மேலிருந்த இலச்சினையையே நோக்கினர். "இஃது இன்னாருடைய சொல், இதற்கு இன்னார் பொறுப்பு" என்று அது சொல்லாமற் சொல்லிற்று. இக்காலத்தில் அவ்வேலையைச் செய்வனவற்றுள் ஒன்று, திரைப்படம் தொடங்குமுன் சில நொடிகள் அசைந்து மறையும் நிறுவனச் சின்னமாகும். படங்களின் கதையை ஆராய்ந்து எழுதியோர் பலர். இச்சின்னத்தின் கதையைக் கேட்டறிந்தோர் சிலரே. இந்தியாவில் அக்கதை பெரிதும் வளர்ந்த நகரம், முன்னாளில் பம்பாய் எனப்பட்ட மும்பையாகும்.

கண்ணுக்குச் சின்னம் இருப்பதுபோலக் காதுக்கும் உண்டு. அகில இந்திய வானொலியின் தொடக்க இசையைக் கேட்டே தலைமுறை தலைமுறையாக இந்நாட்டு மக்கள் கண்விழித்தனர். அதனை அமைத்த வால்டர் காஃப்மன், நாஜிகளின் கொடுமைக்கு அஞ்சி ஐரோப்பாவினின்றும் வெளியேறி, 1934ஆம் ஆண்டில் பம்பாய் வந்து சேர்ந்த யூத இசையறிஞர். தம்பூராவின் சுருதிமேல் தவழ்ந்து வரும் அச்சிறு இசை, எந்நிலையத்தைக் கேட்கின்றோம் என்பதை அறிவிப்பாளர் வாய்திறக்குமுன்பே உணர்த்திவிடும். திரையில் தோன்றும் சின்னத்தின் நோக்கமும் இதுவே.

தொடக்கத்தில் அது படம் எடுத்தவரின் கையொப்பமாக இருந்தது. 1929இல் கோலாப்பூரில் தோன்றிப் பின்னர்ப் புனே நகருக்குப் பெயர்ந்த பிரபாத் நிறுவனம், உடல் வளைத்துக் கொம்பூதும் மங்கையைத் தன் அடையாளமாகக் கொண்டது. சென்னையில் எஸ். எஸ். வாசன் 1940இல் நிறுவிய ஜெமினிக்கு, குழல் ஊதும் இரட்டைச் சிறுவர்கள் வாய்த்தனர். 1948இல் வெளிவந்த 'சந்திரலேகா'வின் ஹிந்திப் பதிப்பு அச்சிறுவர்களை வடநாட்டாருக்கும் நன்கு அறிமுகப்படுத்திற்று.

தமிழர் பலர் குடியேறிய செம்பூரிலும் இத்தகைய சின்னம் ஒன்று பிறந்தது. ராஜ் கபூர் 1948இல் தொடங்கிய ஆர். கே. நிறுவனம், 1949இல் 'பர்சாத்' என்னும் படத்தை வெளியிட்டது. ஒரு கையில் வயலினும் மறு கையில் தாங்கிய நாயகியுமாக நாயகன் நிற்கும் அப்படத்தின் காட்சியே பின்னர் அந்நிறுவனத்தின் முத்திரையாயிற்று. அவருடைய தந்தை பிருதிவிராஜ் கபூர் சிவபெருமானை வழிபடும் காட்சியும் அந்நிறுவனப் படங்களின் தொடக்கத்தில் இடம்பெற்றது. செம்பூர்ப் படப்பிடிப்புத் தளம் 2017 செப்டம்பரில் தீக்கு இரையாயிற்று. 2019இல் அந்நிலத்தைக் கோத்ரெஜ் நிறுவனம் குடியிருப்புகள் கட்டுவதற்கென வாங்கிற்று. தளம் மறைந்தது, எனினும் பழைய படத்தை எங்கே ஓட்டினாலும், வயலின் ஏந்திய அவ்வுருவம் முன்வந்து நிற்கின்றது. கட்டடத்தினும் நெடுநாள் வாழும் ஆற்றல் சின்னத்திற்கு உண்டு என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

சின்னத்தை அசைவிப்பது எளிய வேலையன்று. திரைப்படச் சுருளில் ஒரு நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஆதலின் 10 நொடிச் சின்னத்திற்கு 240 படங்கள் வேண்டும். நம் நாட்டுத் தொலைக்காட்சி முறையிலோ நொடிக்கு 25 படங்கள். ஒவ்வொன்றையும் சிறிது சிறிதாக மாற்றிக் காமிராவின் கீழ் வைத்துப் பிடித்தனர். தூர்தர்ஷனின் சின்னம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்புக் கழகத்தின் மாணவர் தேபாஷிஷ் பட்டாசார்யா, ஒரு வட்டத்தை இரு வளைவுகள் சூழுமாறு வரைந்தார். அவ்வடிவத்தின் படிகளைச் சுழலச் செய்து படம்பிடித்தபோது, அவை ஒன்றுகூடிக் கண்போல் அமைந்தன. 1976 ஏப்ரல் 1ஆம் நாள் வானொலியினின்றும் தூர்தர்ஷன் தனித்துப் பிரிந்தபோது, அச்சுழலும் கண்ணும் வீடுகளுக்குள் புகுந்தது.

பின்னர் வந்தது வீடியோ நாடா. 1982இல் டெல்லியில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டிகளை ஒட்டி வண்ணத் தொலைக்காட்சி பரவியது. வீடியோக் கருவிகளும் பெருகின. மும்பையில் 1962இல் நூல்களை வாடகைக்கு வழங்கும் நிலையமாகத் தோன்றிய ஷெமாரூ, 1979இல் வீடியோ நாடாக்களை வாடகைக்கு விடலாயிற்று; 1987இல் நாடாக்களை வெளியிட்டு விநியோகிக்கும் தொழிலிலும் இறங்கிற்று. இங்ஙனம் படத்தை எடுக்காதவர், அதனை வீட்டிற்குக் கொண்டுவந்து சேர்ப்பவர் என்னும் புதிய வகுப்பார் தோன்றினர். அவருக்கும் ஒரு முத்திரை தேவையாயிற்று. படமெடுத்தவரின் சின்னத்திற்கு முன்னே விநியோகித்தவரின் சின்னம் வந்து நின்றது.

மும்பைத் தமிழர்க்கு வீடியோ நாடா வெறும் பொழுதுபோக்காக மட்டும் இருக்கவில்லை. மாட்டுங்காவில் தமிழ்ப் படங்களுக்குப் பேர்பெற்ற அரோரா போன்ற அரங்குகள் மிகச் சிலவே. தாராவியில் உழைத்த குடும்பங்களுக்கும் செம்பூரில் வாழ்ந்த குடும்பங்களுக்கும், ஊர்மொழியில் ஒரு படத்தைக் காண்பது ஊருக்கே சென்று வருவதுபோல. வாடகைக்கு எடுத்த நாடா அவ்வாய்ப்பை வீட்டுக்குள்ளேயே தந்தது. ஆனால் அந்நாடா நேர்மையாக வந்ததா, திருட்டுப் படியா என்பதை எவ்வாறு அறிவது?

இவ்வினா நாடாளுமன்றத்தையும் எட்டிற்று. 1984இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. வீடியோப் படம் ஒவ்வொன்றும், அதனை உருவாக்கியவரின் பெயர், முகவரி, உரிமையாளரின் பெயர், முகவரி, உரிய இசைவு பெற்றமைக்கான உறுதிமொழி ஆகியவற்றை ஓடும்போதே காட்டவேண்டும் என்றும், நாடாவின் மேலும் அச்சிடவேண்டும் என்றும் சட்டம் விதித்தது. தணிக்கை பெறவேண்டிய படமாயின், அச்சான்றிதழின் படியையும் காட்டவேண்டும். திருட்டுக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், ரூ. 50,000 முதல் ரூ. 2 லட்சம் வரை தண்டமும் வகுக்கப்பட்டன. அன்றுமுதல், நாடாவின் தொடக்கத்தில் அழகுக்கென வைத்த சின்னமும் சட்டம் கேட்ட எழுத்துகளும் அடுத்தடுத்து நின்றன.

எனினும் முத்திரைக்கு ஓர் இடர்ப்பாடு இருந்தது. நாடாவைத் திருடிப் படியெடுப்பவன் படத்தோடு சின்னத்தையும் சேர்த்தே எடுத்துவிடுகிறான்! ஆதலின் சின்னம் இருப்பதொன்றே நேர்மைக்குச் சான்றாகவில்லை. ஆனால் நாடாவின் இயல்பே இங்குச் சாட்சியாயிற்று. படியெடுக்குந்தோறும் உருவம் மங்கும், வண்ணம் கசியும். சின்னத்திலுள்ள எழுத்துகளோ கூரிய விளிம்புடையவை. மங்கல் அவற்றில்தான் முதலில் வெளிப்படும். விநியோகித்தவரின் பெயர் கலங்கித் தெரிந்தால், கையிலுள்ளது படியின் படி என்று ஐயுறக் கூர்ந்து நோக்குவோருக்கு இடமிருந்தது. பொருளுக்கு உறுதிகூற வைத்த முத்திரை, பொருளின் தேய்வை அளக்கும் கோலுமாயிற்று.

குறுந்தகடு வந்தபின் அவ்வளவுகோலும் பயனற்றதாயிற்று. எண்முறைப் பதிவில் நூறாவது படியும் முதற்படியை ஒத்திருக்கும். 2007இல் மோசர் பேர் நிறுவனம் வீடியோத் தகட்டை ரூ. 28க்கும் டிவிடியை ரூ. 34க்கும் விற்றுத் திருட்டுத் தகடுகளோடு விலையிலேயே போட்டியிட்டது. வேறு சில நிறுவனங்கள் தம் சின்னத்தைத் தொடக்கத்தில் காட்டியதோடு அமையாமல், படம் முழுதும் திரையின் மூலையிலும் பதித்தன. காலம் எவரையும் விடவில்லை. வீடியோ நாடாக் கருவி செய்த கடைசி நிறுவனம் 2016இல் அவ்வேலையை நிறுத்திற்று. 2018இல் மோசர் பேரையும் கலைக்க ஆணை பிறந்தது. அவர்தம் சின்னங்கள் பழைய பெட்டிகளில் மட்டும் இன்றும் ஒளிர்கின்றன.

இங்கே நாம் சிந்திக்கவேண்டிய பொருள் ஒன்று உளது. மறுவெளியீட்டின்போது சிலர், முன்னிருந்த சின்னத்தை வெட்டியெறிந்து தம்முடையதை ஒட்டினர். சில நொடிகள்தாமே என்று எண்ணலாம். ஆனால் ஒரு படம் எவர் கையில் பிறந்து, எவர் கைகளின் வழியே நம்மிடம் வந்தது என்பதற்கு அச்சின்னங்களே வரிசையான சாட்சிகள். சுவடியின் இறுதியில், எழுதியவர் பெயரும் படியெடுத்த நாளும் கூறும் குறிப்பைக் கிழித்தெறிந்தால், சுவடியாராய்ச்சி என்னாகும்? அதுபோன்றதே இது. தமிழின் முதற் பேசும்படமான 'காளிதாஸ்', 1931இல் இதே பம்பாயில் எடுக்கப்பட்டது. இன்று அதன் படி எதுவும் கிடைப்பதாகத் தெரியவில்லை. முழுப்படத்தையே இழந்த நமக்கு, எஞ்சியவற்றின் ஒவ்வொரு நொடியும் அரிய பொருளாகும்.

ஆகவே, வீட்டின் பரணில் பழைய நாடா ஒன்று கிடந்தால், அதன் தொடக்கத்தை விரைந்து தள்ளிவிடாமல் ஒருமுறை நின்று பாருங்கள். அதனை எண்முறையில் மாற்றிக் காப்போர், முதற்காட்சியிலிருந்தன்றி முதல் முத்திரையிலிருந்தே மாற்றுவார்களாக. படைத்தவரின் பெயரையும் கொண்டுவந்து சேர்த்தவரின் பெயரையும் ஒருங்கே காப்பது, கலைக்கு நாம் செய்யும் சிறு கைம்மாறாகும்.